மரக்கடை வீட்டு முடிச்சு

பூவன்குறிச்சியில் அந்த வருஷம் சாரல் ஓய்வதற்குள் ஊரே ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகிப் போனதைப் பற்றிக் கேட்டால், அங்கே உள்ளவர்கள் ‘ஆமா, ஆச்சு’ என்று கொட்டாவி விட்டபடி சொல்லிவிட்டு, அதனால் அந்த நாட்களில் ஒருத்தரும் ஒருத்தரையும் கிண்டல் பண்ண முடியாமல் போனதைத்தான் ஏதோ பஞ்சம் வந்து போனதைப் போலக் கண்ணை விரித்துச் சொல்வார்கள். பூவன்குறிச்சி கிண்டலில் பிழைக்கிற ஊர். மச்சினன் மச்சினனை வாரிவிடுவதும், கொழுந்தன் மைனியின் சாம்பாரைப் பழிப்பதும், அத்தை மகள் மாமன் மகனின் பைக் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவதும் இல்லாமல் அங்கே பொழுது விடிந்ததாகவே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதிலும் அண்ணன் பெண்டாட்டியான மைனிக்குத்தான் முதல் மரியாதை. கல்யாணமாகி வருகிற புது மைனிக்கு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சங்கிலிபூதம் ஆற்றித் தருகிற முதல் டீயில் சீனிக்குப் பதில் உப்புத்தான் இருக்கும். அதை அவள் வாயில் வைத்துத் துப்புகிற நேரத்துக்காகக் கடைத்தெருவே தராசையும் கத்திரிக்கோலையும் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கும். துப்பிய பிறகுதான் அவள் ஊர்க்காரி.

ஜெசிந்தாவுக்கு ஒரு நாளும் உப்பு டீ கிடைத்ததில்லை. குற்றாலத்தில் சீசனுக்குப் பச்சை குத்த வந்தவள் அவள். சீசன் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, போக ஓர் ஊர் இல்லாததால், பஸ் நின்ற இடத்தில் இறங்கி, பரோட்டாக் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, ‘நிரந்தரம் டாட்டூஸ்’ என்று பலகை மாட்டிக்கொண்டாள். கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லத்தில் வளர்ந்தவள் என்பதற்கு மேல் தன்னைப் பற்றி அவளுக்கே ஒன்றும் தெரியாது. பூவன்குறிச்சிக்காரர்களோ ஓர் ஆளைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ‘நீங்க யாரு மக்க, இங்க யாருக்கு என்ன வேணும்?’ என்று பெற்றவரையும் முறையையும் விசாரிக்கிறவர்கள். அவள் ‘யாருக்கும் ஒண்ணும் வேணாங்க’ என்று சொன்ன அன்றே அவர்களுக்குக் கை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. முறை தெரியாத ஆளை எப்படிக் கிண்டல் பண்ணுவது? ஆகவே அவளை ‘மேடம்’ என்று கூப்பிட்டார்கள், வழியில் கண்டால் ஒதுங்கி நின்றார்கள். சங்கிலி அவளுக்குக் கொடுத்த டீ, ஊரிலேயே மிகச் சரியாகச் சீனி போட்ட, மிக மரியாதையான டீ. அந்த டீயைக் குடிக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது என்பது யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயமும் யாருக்கும் தெரியாது, அல்லது எல்லாருக்கும் தெரிந்து யாரும் சொல்லவில்லை. மின்வாரியத்து லைன்மேன் சொரிமுத்து, அவள் கடைக்கு எதிரே உள்ள கம்பத்தில், ஊரில் வேறெந்தக் கம்பத்திலும் ஏறாத அளவுக்கு ஏறினான். கம்பத்தின் உச்சியும் அவள் மாடி ஜன்னலும் ஒரே உயரம். ஏறி நின்று, வியர்வையைத் துடைத்துவிட்டு, “கரண்டு வருதா?” என்று கேட்பான். “வருது” என்பாள். இறங்கிப் போய்விடுவான். மூன்று வருஷமாக அந்தக் காதலில் நடந்த பேச்சு மொத்தமும் இதுதான், கரண்டும் ஒரு நாள்கூடப் போனதில்லை.

இப்படி இருக்கையில்தான் மரக்கடை வீட்டார் அவள் மாடிப்படி ஏறி வந்தார்கள். பெரியவர் ஆவுடையப்ப அண்ணாச்சி, அடுத்தது பிச்சம்மாள், அதற்கடுத்து குற்றாலிங்கம். மூன்று பேரும் ஒரே காம்பவுண்டுக்குள் குடியிருந்தும், தகப்பனாரின் பதினாறாம் நாள் பந்தியில் முதல் இலை யாருக்குப் போட்டது என்கிற தகராறில் வருஷக்கணக்காக ஒருத்தரோடு ஒருத்தர் பேசாதவர்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிற கடைக்குட்டி சுகந்திதான் அவர்களைச் சேர்த்து அனுப்பியிருந்தாள். அந்த ஊரில் குடும்பம் பிரியாமல் இருக்கப் பின்னல் முடிச்சைக் கையில் குத்திக்கொள்வார்களாம், அதற்குத் தொடக்கமும் கிடையாது முடிவும் கிடையாதாம், நான் குத்திக்கொண்டாயிற்று, நீங்கள் மூன்று பேரும் அதையே குத்திக்கொண்டால்தான் ஊருக்கு வருவேன் என்று வீடியோ காலில் அழுது, மூக்கைச் சிந்தி, போனை வைத்துவிட்டாள்.

ஜெசிந்தா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பிச்சம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரிடம் சொன்னாள், “இது நம்ம வாசல்ல போடுத சிக்குக்கோலம்லா. இதுக்கா அவ ஏரோப்ளேன் ஏறிப் போனா?”

“கோலத்துக்குப் புள்ளி இருக்கும்மா, இதுக்குப் புள்ளி கிடையாது” என்றாள் ஜெசிந்தா. “நாலு இழை, நீங்க நாலு பேரு. ஒரு இடத்துல ஒருத்தர் இழை மேல போகும், அடுத்த இடத்துல கீழ போகும். அப்படி மாறி மாறிப் போனாத்தான் பின்னல் நிக்கும்.”

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இதுல எது என் இழை?”

“இதுன்னு வச்சுக்கலாம்.”

“இந்தா, இந்த எடத்துல பிச்சம்மா இழைக்கு அடியில பூந்து போவுதே?”

“அடுத்த இடத்துல மேல வந்துரும்ங்க.”

“அடுத்த எடம் கெடக்கட்டும். மூத்தவன் இழை எங்கயும் கீழ போவப்பிடாது” என்று அவர் ஜன்னலிடம் சொன்னார். பிச்சம்மாள் சுவரிடம், பொம்பளைன்னா எளக்காரமா, என் கையில் என் இழைதான் மேலே இருக்கும் என்றாள். குற்றாலிங்கம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, இளையவன் என்றால் மிதிபடப் பிறந்தவனா என்றார். ஜெசிந்தா பின்னலின் சூட்சுமத்தை நாலு தடவை சொல்லிப் பார்த்தாள், பென்சிலால் வரைந்து காட்டினாள், கடைசியில் அலுத்துப்போய், தோலில்தானே இருக்கப் போகிறது, இதென்ன கயிற்றுக் கட்டிலா அவிழ்ந்து விழ என்று நினைத்து, அண்ணாச்சி கையில் அண்ணாச்சி இழை எல்லா இடத்திலும் மேலே போகும்படியும், பிச்சம்மாள் கையில் பிச்சம்மாள் இழை மேலே போகும்படியும், குற்றாலிங்கம் கையில் அவர் இழை மேலே போகும்படியும் குத்திவிட்டாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எங்கேயும் கீழே போகாத இழை எதிலும் மாட்டிக்கொள்ளாது, எதிலும் மாட்டாதது ஓர் இடத்தில் இருக்காது.

மறுநாள் காலையில் அண்ணாச்சி டீ கிளாஸை வாங்கும்போது அவர் விரல் சங்கிலியின் விரலில் பட்டது. இழையின் நுனி அவர் முழங்கையிலிருந்து கிளம்பி, மணிக்கட்டு வழியாக ஊர்ந்து, விரலைத் தாண்டி, சங்கிலியின் கையில் ஏறி, அங்கே தன்னைப்போல ஒரு முடிச்சைப் பின்னி வைத்துவிட்டு, அடுத்த கை எங்கே என்று நுனியில் நின்று பார்த்தது. அண்ணாச்சியின் கையிலும் முடிச்சு குறையவில்லை. சங்கிலி அதை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தான், போகவில்லை, சரி என்று அடுத்த டீயை ஆற்றினான். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நேராக மரக்கடை வீட்டுக்குப் போய் வாசல்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“வீட்டுல வெந்தயக் கொழம்பு வச்சிருக்கியளாமே. கூடப்பொறந்தவன்னு ஒருத்தன் வெயில்ல காஞ்சுக்கிட்டுக் கெடக்கான், ஒரு வாய் கூப்பிட்டியளா?”

பிச்சம்மாள் அவன் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். “ஒனக்குப் பத்திரிகை அடிச்சு வைக்கணுமாக்கும்? உள்ள வந்து தட்டைப் போட்டுத் திங்க வேண்டியதுதான” என்று சத்தம் போட்டாள். அவன் உள்ளே போய்ச் சாப்பிட்டான், புளி ஜாஸ்தி என்றான், அவள் கரண்டியை ஓங்கினாள், அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அப்புறம் இழைகள் நடந்தன. சில்லறை வாங்கிய கை வழியாக, பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த கை வழியாக, சலூனில் தாடையைத் திருப்பிய கை வழியாக, திருநீறு கொடுத்த கை வழியாக, பள்ளிவாசலில் தொழுகை முடிந்து பிடித்த கை வழியாக, சண்டை போட ஓங்கிப் பிடித்த கை வழியாக, மேலத்தெருவும் கீழத்தெருவும் காலனியும் குடியிருப்பும் ஒன்று விடாமல் நடந்தன. கண்டக்டருக்கு ஏறியபோது ஒரே டிரிப்பில் பஸ் முழுக்க ஏறியது. சின்னப் பிள்ளைகளை மட்டும் அது தொடவில்லை. பிள்ளைகளுக்கு இன்னும் வன்மம் வைக்கத் தெரியாததால் இழைக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்யும்? வேலித் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன இரண்டு பேரை ஏட்டையா கையைப் பார்த்துவிட்டு, வீட்டு விஷயத்தை வெளியே கொண்டு வருவீர்களா என்று தன் கையையும் காட்டி அதட்டினார், மூன்று பேருமாக உட்கார்ந்து அழுது தீர்த்தார்கள். கீழத்தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது ஊர் முழுக்கப் பங்காளித் தீட்டு வந்து, பூசாரிக்கும் சேர்த்தே வந்து, கோயில் நடை சாத்தியது. பக்கத்து ஊர்ப் பூசாரியை வரவழைத்தார்கள், அவர் சாவியைக் கைநீட்டி வாங்கினார், அவருக்கும் தீட்டு. ஒரு குழந்தைக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? ஊரில் ஆம்பளை எல்லாம் தாய்மாமன். கோயிலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை வரிசையாகச் சம்மணம் போட்டு மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். குழந்தை மடி மடியாகப் போய், கடைசி மடியில் தூங்கியே விட்டது, அந்த அசதியில் காது குத்தியது அதற்குத் தெரியவே இல்லை.

புருஷன் பெண்டாட்டிகள் கதி என்ன என்ற கேள்வி டீக்கடை பெஞ்சில் எழுந்தபோது மட்டும் ஊர் கொஞ்சம் ஆடிப்போனது. ஒரு பகல் முழுக்க விவாதித்து ஒரு சட்டம் போட்டார்கள். தாலிக்கயிற்றில் மூன்று முடிச்சு விழுந்த நேரத்தில் யாருக்கு யார் என்ன முறையோ, அதுதான் கடைசி வரை. பின்னால் வருகிற முடிச்சு முந்தின முடிச்சை அவிழ்க்காது. இதை அண்ணாச்சி எழுந்து நின்று உரக்கச் சொன்னார், எல்லாரும் மேசையைத் தட்டினார்கள், கல்யாணமானவர்கள் பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆகாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்த ஜோடிகள் எல்லாம் அண்ணன் தங்கை. வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கி, குடித்து முடிப்பதற்குள் உடன்பிறந்தான்களாகி, பெண்ணுக்கு நல்ல இடமாகப் பார்க்கச் சொல்லிப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அதைவிடக் கொடுமை, ஊரில் இனிப் புது மச்சினன் இல்லை, புதுக் கொழுந்தன் இல்லை, புது மைனி இல்லை. புதிதாக யாரும் எந்த வீட்டுக்கும் வராததால் பழைய மைனிகளைக் கிண்டல் பண்ணியும் அலுத்துவிட்டது, அவர்களும் இப்போது பாதி அக்காக்கள். உடன்பிறந்தவர்களிடம் சண்டை போடலாம், கோபித்துக்கொள்ளலாம், சொல்லிக் காட்டலாம். வாய்விட்டுச் சிரிக்க முடியுமா? கடைத்தெருவில் யாரும் சிரிக்காமல் டீ குடித்தார்கள். சங்கிலியின் உப்பு டப்பா திறக்கப்படாமல் கட்டிபிடித்துப்போனது.

இத்தனை நடந்தும் வளர்ந்தவர்களில் இரண்டே இரண்டு பேருக்கு மட்டும் இழை ஏறவில்லை. ஒன்று ஜெசிந்தா, அவள் தொழிலுக்கு எந்நேரமும் கையில் மெல்லிய ரப்பர் உறை. இன்னொன்று சொரிமுத்து, அவன் தொழிலுக்குத் தடித்த ரப்பர் உறை. முதலில் தொழிலுக்காகப் போட்டிருந்ததை, இழை நடக்க ஆரம்பித்த பிறகு இருவரும் சாப்பிடும்போதும் கழற்றவில்லை. அவன் உறை போட்ட கையால் இட்லியைப் பிய்ப்பதை மாடியிலிருந்து பார்த்தபோது ஜெசிந்தாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது, ஆனால் அவன் உறையைக் கழற்றாதது தனக்காகத்தானா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

இழை ஏறாதவர்கள் இரண்டே பேர் என்பது ஊருக்கு உறைத்ததும், இத்தனை நாள் அவளைக் கண்டு ஒதுங்கிய பெண்கள், கல்யாண வயதில் பையன் வைத்திருப்பவர்கள், சும்மா பச்சை பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக மாடி ஏறினார்கள். ‘யாரு மக்க?’ என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. “எம் மவன் கவர்மெண்டு பரீட்சை எழுதியிருக்கான்” என்றாள் ஒருத்தி. “எம் மவன் எழுதி முடிச்சிட்டான்” என்றாள் அடுத்தவள். அந்தப் பக்கம், பெண்ணைப் பெற்றவர்கள் ஃபியூஸ் போய்விட்டது என்று ஓயாமல் சொரிமுத்துவுக்குப் போன் அடித்தார்கள், போனால் எல்லா வீட்டிலும் பல்பு பளிச்சென்று எரிந்தது, பெண் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு பல்புக்குக் கீழே நின்றாள்.

சொரிமுத்து ஓடிப்போய்க் கம்பத்தில் ஏறிக்கொண்டான்.

“கரண்டு வருதா?” என்று கேட்டான். மூச்சு வாங்கியது.

“வருது” என்றாள் ஜெசிந்தா. வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அன்றைக்கு அவள் விடவில்லை. “கீழ உங்களுக்குப் பெரிய கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு.”

“தெரியும். அதான் எறங்கல. ஒங்க படிக்கட்டுலயும் நாலஞ்சு பேரு நிக்காவ.”

“அதான் நானும் கதவைத் திறக்கல.”

இருவரும் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தார்கள். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் அவள் கேட்டாள், “இட்லி திங்கும்போதுகூட எதுக்குக் கையுறையைக் கழட்ட மாட்டேங்கிறீங்க?”

அவன் கம்பத்து உச்சிப் பீங்கானை இறுகப் பிடித்துக்கொண்டான். “நான் கழட்டி, நீங்களும் கழட்டிட்டியன்னா, அப்புறம் நீங்க எனக்குத் தங்கச்சில்லா ஆயிருவிய” என்றான். மூன்று வருஷத்தில் அவன் பேசிய நீளமான வாக்கியம் அது. பேசி முடித்ததும் கம்பத்திலிருந்து விழாமல் இருந்ததே பெரிது. ஜெசிந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

“நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்” என்று அவனே மறுபடி தொடங்கினான். “ரெண்டு பேருல ஒருத்தருக்கு இழை ஏறாம இருந்தாப் போதும், கல்யாணத்துக்குத் தடையில்ல. நீங்க கழட்டுங்க. எனக்கு அம்மைன்னு ஒருத்தி இருக்கா. ஒங்களுக்கு யாரு இருக்கா? ஊரே கூடப்பொறந்ததா வரும். நீங்க எடுத்துக்கிடுங்க.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க யாராவது வந்தபோதெல்லாம் படியில் உட்கார்ந்து எதற்காக ஏங்கினாளோ, அது இப்போது ஓர் உறையைக் கழற்றினால் கைக்கு வரும். சுண்டுவிரல் பக்கத்து ரப்பரை அவள் பாதி இழுத்தும் விட்டாள். அப்போது கீழே பார்த்தாள். டீக்கடையில் சங்கிலியும் கண்டக்டரும் ஒரே பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊர் முழுக்க அக்காவும் தம்பியுமாக இருந்தது, ஊர் முழுக்க உர்ரென்று இருந்தது. அவள் ரப்பரைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

“வேண்டாம். நீங்க எடுங்க.”

“ஏன்?”

“தங்கச்சியாப் போனா எனக்கு டீயில சீனிதான் போடுவாங்க” என்றாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கம்பத்திலிருந்து சரசரவென்று இறங்கி, பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சங்கிலியின் கையைப் பிடித்தான். முடிச்சு ஏறியது. “அண்ணன்மாரே, அக்காமாரே, ஒங்க தம்பிக்குக் கல்யாணம்” என்றான். பெண்ணைப் பெற்றவர்கள் தலையில் கை வைத்தார்கள், ஜெசிந்தாவின் படிக்கட்டில் நின்றவர்கள் சண்டைக்கே வந்தார்கள். ஆனால் குற்றாலிங்கம் மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னார். இவன் நம் எல்லாருக்கும் உடன்பிறந்தான் என்றால், வரப்போகிறவள் நம் எல்லாருக்கும் மைனி. கடைத்தெருவில் யாரோ ஒருவர், பல நாளைக்குப் பிறகு, களுக்கென்று சிரித்தார்.

ஒரே ஓர் ஆபத்துத்தான். மூன்றாவது முடிச்சு விழும் வரை ஒருத்தர் தோலும் பெண்ணின் தோலில் படக் கூடாது. பட்டால் இழை ஏறும், ஏறினால் மாப்பிள்ளைக்கு அவள் தங்கை, அப்புறம் இரண்டு பேரும் ஆயுசுக்கும் கம்பத்துக்கும் ஜன்னலுக்குமாக நிற்க வேண்டியதுதான். ஜெசிந்தா தன் கடையிலிருந்த கையுறைப் பெட்டிகளை எல்லாம் கொண்டு வந்து, மண்டப வாசலில் சந்தனத்துக்கும் கற்கண்டுக்கும் பக்கத்தில் வைத்தாள். வந்தவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது, கல்யாணம் பார்க்க வந்தவர்களா ஆபரேஷன் பண்ண வந்தவர்களா என்று சந்தேகமாக இருந்தது. பூசாரிக்கும் பாதிரியாருக்கும் வரும்போது ஒரு ஜோடிதான் மிச்சம், ஆளுக்கு ஒரு கையில் போட்டுக்கொண்டு ஆளுக்குப் பாதி மந்திரம் சொன்னார்கள்.

முதல் முடிச்சைச் சொரிமுத்து உறை போட்ட கையால் போட்டான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை. ஊரில் அத்தனை பெண்களும் நாத்தனார்கள், அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். தள்ளுமுள்ளில் யார் கையாவது பெண்ணின் கழுத்தில் பட்டுவிடப் போகிறது என்று சொரிமுத்துவின் அம்மை கத்தினாள். கடைசியில் தாலிக்கயிற்றின் மஞ்சள் நூலோடு இன்னும் நூலைச் சேர்த்து நீளமாக விட்டு, அது மண்டபத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய், அத்தனை நாத்தனார்களும் ஆளுக்கு ஒரு சாண் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த எல்லாருக்காகவும் பிச்சம்மாள் முடிச்சைப் போட்டாள். இரண்டாவது முடிச்சு விழுந்தது. மூன்றாவதை அவள் மடக்கும்போது, கல் மோதிரம் குத்தி ஆள்காட்டி விரலின் உறை கிழிந்தது. கிழிசலுக்குள்ளிருந்து இழையின் நுனி தலையை நீட்டி, ஜெசிந்தாவின் பிடரியை மோப்பம் பிடித்தது. கிட்டத்தில் நின்றவர்கள் ஐயோ என்றார்கள். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். பிச்சம்மாள் அந்த ஒரு விரலை மட்டும் துரைமார் டீ குடிப்பதுபோல் மேலே தூக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் இழுத்து இறுக்கினாள். மூன்றாவது முடிச்சு விழுந்தது. குலவை தெருக்கோடி வரை கேட்டது. நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்களுக்கு விஷயம் தெரியக் கொஞ்சம் நேரமானதால், குலவை ஓய்ந்து மறுபடியும் ஒரு தடவை வந்தது.

அந்த ஊர் வழக்கப்படி, தாலி ஏறிய பெண் மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது மாப்பிள்ளையின் தம்பிமார் வாசலை மறிப்பார்கள். மைனி, எங்க அண்ணனுக்கு என்ன சமைப்பீர்கள், எங்க அண்ணன் குறட்டை விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு வழியை அடைப்பார்கள், அவள் பதிலுக்கு வாரிவிட்டால்தான் விடுவார்கள். தம்பிமாருக்கு மட்டும்தான் அந்த உரிமை. அன்றைக்கு வாசலில் பார்த்தால் ஊர் ஆம்பளைகள் மொத்தமும் நின்றார்கள். சங்கிலி, தான் சொரிமுத்துவுக்கு ரொம்ப இளையவன் என்றான். ஏட்டையா மீசையை மழித்துவிட்டு வந்திருந்தார். கிண்டல் இல்லாமல் காய்ந்து கிடந்தவர்கள், பல் போனவர்கள்கூடத் தங்களைத் தம்பி என்று சொல்லிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையின் ஓரத்தில் ஆவுடையப்ப அண்ணாச்சி ஒட்டியும் ஒட்டாமலும் நின்றார். ஊருக்கே மூத்தவர். எந்தப் பந்தியிலும் முதல் இலை, எந்தப் பின்னலிலும் மேல் இழை. மூத்தவர் மைனி என்று கூப்பிட முடியாது, தம்பி பெண்டாட்டியைப் பார்த்து ஒரு கிண்டல் சொல்ல முடியாது, கை கட்டி ஆசீர்வாதம் பண்ணத்தான் முடியும். ஒவ்வொருவராகக் கேட்பதையும், ஜெசிந்தா மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்துத் திருப்பிக் கொடுப்பதையும், ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதையும் பார்க்கப் பார்க்க அவருக்கு வாய் ஊறியது. அவரிடம் ஒரு நல்ல கிண்டல் இருந்தது. இரண்டு மாதமாகத் தொண்டைக்குள்ளேயே இருந்தது.

“தள்ளுங்கலே” என்று உள்ளே புகுந்தார்.

“அண்ணாச்சி, நீங்க மூத்தவுகல்லா” என்றான் சங்கிலி.

“யாருலே மூத்தவன்? நான் சொரிமுத்துக்குத் தம்பி.”

குற்றாலிங்கம் திரும்பினார். சுவரைப் பார்க்கவில்லை, அண்ணனின் முகத்தையே பார்த்தார். “அப்பம் நீ எனக்கும் தம்பியா?”

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். வாசலில் ஜெசிந்தா காத்துக்கொண்டு நின்றாள். “ஆமாலே, ஒனக்கும் தம்பிதான். போதுமா? வழிய விடு.”

“எனக்கு?” என்றாள் பிச்சம்மாள் பின்னாலிருந்து.

“ஒனக்கும் தம்பிதாம்மா. ஊருக்கே நான்தான் கடைக்குட்டி. எல்லாரும் கேட்டுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, ஜெசிந்தாவின் முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டு, “மைனி, எங்க அண்ணன் மூணு வருசமா ஒங்க வீட்டுக் கம்பத்துலயே ஏறி எறங்கினானே, ஒங்களுக்கு ஷாக் அடிக்கவே இல்லையா?” என்றார்.

“அடிச்சது கொழுந்தனாரே” என்றாள் ஜெசிந்தா. “உங்க அண்ணனுக்குத்தான் ஃபியூஸ் போயிருச்சு.”

ஊர் சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேதான் எல்லார் முழங்கையிலும் சுருக்கென்று ஓர் இழுப்பு. அண்ணாச்சியின் இழை, முதல் முதலாக, தம்பி இழைக்குக் கீழே தலையைக் குனிந்து புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, தங்கை இழைக்குக் கீழே புகுந்து, மாட்டிக்கொண்டது. ஒன்று மாட்டியதும் மற்றவையும் மாட்டின. ஊர் ஊராக, கை கையாக நடந்து போயிருந்தவை எல்லாம், நூல்கண்டில் நூல் சுற்றுவதுபோல் வந்த வழியே திரும்பி வந்து மூன்று கைகளுக்குள் அடங்கின. சாயங்காலத்துக்குள் மற்ற எல்லார் கையும் பழையபடி வெறும் கை. வீடியோ காலில் சுகந்தி தன் முடிச்சும் இறுகியதாகச் சொல்லி, “யாரு கீழ போனது?” என்று ஆவலாகக் கேட்டாள். நான்தான் போனேன் என்றார் அண்ணாச்சி. விரலைத் தூக்கிக் குனிந்து நின்றது யார், நான்தான் போனேன் என்றாள் பிச்சம்மாள். முதலில் முகத்தைப் பார்த்துப் பேசியது நான், அதனால் கீழே போனது நான்தான் என்றார் குற்றாலிங்கம். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை, ஆனால் சுவரைப் பார்த்து நடப்பதில்லை.

மறுநாள் விடிந்தபோது பூவன்குறிச்சியில் எல்லாரும் பழையபடி யாரோ எவரோ ஆகியிருந்தார்கள். கண்டக்டர் சங்கிலியிடம் டிக்கெட் கேட்டார். வேலித் தகராறு மறுபடி ஸ்டேஷனுக்குப் போனது. ஆவணி ஜோடிகள் ஒருவரை ஒருவர் வெட்கப்பட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சொரிமுத்துவின் கையிலும் ஒன்றும் இல்லை, அவன் தன் அம்மைக்கு மட்டும் மகன். ஜெசிந்தா கடையைத் திறக்க நடந்து போனபோது தெரு அமைதியாக இருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் எதையோ மும்முரமாக எடைபோட்டுக்கொண்டும், துணி மடித்துக்கொண்டும், பேப்பர் படித்துக்கொண்டும் இருந்தார்கள். இழை போனதோடு முறையும் போய்விட்டது என்று அவள் நினைத்தாள். நேற்று ஒரு நாள் சிரித்தது சிரித்ததுதான், அதுவும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டாள்.

சங்கிலி அவள் முகத்தைப் பார்க்காமல் கிளாஸை வைத்தான். “எடுத்துக்கிடுங்க, மேடம்” என்றான்.

கண்ணில் நீர் முட்ட, கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

கடல் தண்ணீர்.

வாயில் இருந்ததை அவள் தெருவரைக்கும் துப்பினாள். எடைபோட்டவர் தராசை விட்டார், துணி மடித்தவர் துணியை விட்டார், பேப்பருக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சியின் தலை வெளியே வந்தது, கம்பத்து மேலிருந்து சொரிமுத்து எட்டிப் பார்த்தான், கடைத்தெரு மொத்தமும் ‘ஓ’வென்று கத்தியது.

“மூணு முடிச்சு விழுந்த நேரத்துல யாருக்கு யாரு என்ன முறையோ அதான் கடைசி வரைக்கும், சட்டம்லா மைனி!” என்று சங்கிலி சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கினான். “எங்களுக்குள்ள நாங்க யாரோ. ஒங்களுக்கு நாங்க எல்லாரும் கொழுந்தன்மாருதான். இனிமே தப்பிக்க முடியாது.”

ஜெசிந்தா முந்தானையால் வாயைத் துடைத்தாள், பிறகு கண்ணையும் துடைத்தாள். கிளாஸில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. அதை எடுத்து, எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்க, ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“உப்பு கம்மியா இருக்கு கொழுந்தனாரே” என்றாள். “இன்னொண்ணு போடுங்க.”